லயத்துச் சுவர் மெல்லியது: தோட்டத்தில் சுவிசேஷம் சொல்லத் தொடங்குகிறவர்களுக்கு

போன மாதம் ஞானஸ்நானம் எடுத்த ஒரு தம்பி, அடுத்த ஞாயிறே ஆராதனை முடிந்ததும் சுவிசேஷக் கைப்பிரதிக் கட்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, "அண்ணே, எந்த லயத்தில் தொடங்கட்டும்?" என்று கேட்டான். மேல் லயம், கீழ் லயம் என்று தோட்டத்து வரிசை வீடுகளுக்குக் கணக்கெல்லாம் போட்டு வைத்திருந்தான். அவனை வீட்டு முன்பக்க இஸ்தோப்பில் உட்கார வைத்து, ஒரு தேத்தண்ணி கொடுத்துவிட்டுச் சொன்னவற்றில் பாதியும், அன்றைக்குச் சொல்ல மறந்துபோனவையும் இதில் இருக்கின்றன. நான் போதகர் இல்லை. இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, அதே லயத்தில் இருபது வருஷமாக விசுவாசியாக இருக்கிறேன், இந்த விஷயத்தில் செய்யக்கூடிய பிழைகளில் முக்கால்வாசியைச் செய்து முடித்துவிட்டேன், அந்தத் தகுதியில்தான் எழுதுகிறேன்.

சொல்லிலிருந்து தொடங்கலாம்

சுவிசேஷம் என்றால் நல்ல செய்தி. கத்தோலிக்கர் நற்செய்தி என்பார்கள், இரண்டும் ஒன்றுதான். செய்தி என்பது நடந்த ஒன்றைச் சொல்வது. வாக்குவாதத்தில் ஜெயிப்பதும், சபைக்கு ஆள் சேர்ப்பதும் அதில் சேராது. நம் நாட்டு மெதடிஸ்த போதகர் டி. ரி. நைல்ஸ், 1970இல் காலமானவர், இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார், அது உலகம் முழுக்கச் சபைகளில் சுற்றிக்கொண்டிருக்கிறது: ஒரு பிச்சைக்காரன் இன்னொரு பிச்சைக்காரனிடம் சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று சொல்வதுதான் சுவிசேஷம் சொல்வது. முதன்முதலில் கேட்டபோது எனக்குக் கோபம்கூட வந்தது, தோட்டத்து ஆளை ஏற்கெனவே எல்லோரும் ஒரு மாதிரித்தானே பார்க்கிறார்கள், இவரும் பிச்சைக்காரன் என்கிறாரே என்று. பிறகு விளங்கியது, சொல்கிறவனையும் சேர்த்துத்தான் அவர் அப்படிச் சொல்லியிருக்கிறார்.

அடுத்து, இது யாருடைய வேலை என்று ஒரு குழப்பம் இருக்கிறது. எபேசியர் 4ஆம் அதிகாரத்தில் சிலரைச் சுவிசேஷகராகக் கொடுத்தார் என்று இருக்கிறது, அதாவது அந்த வரம் எல்லோருக்கும் இல்லை, அவர்களுக்குக் கொடுக்கப்பட்டதும் மற்ற விசுவாசிகளைச் சீர்ப்படுத்தத்தான். ஆனால் 1 பேதுரு 3:15 எல்லோருக்குமானது. உங்கள் நம்பிக்கையைப் பற்றி விசாரிக்கிறவர்களுக்குச் சாந்தத்தோடும் மரியாதையோடும் பதில் சொல்ல ஆயத்தமாக இருங்கள் என்கிறார் பேதுரு. 'விசாரிக்கிறவர்களுக்கு' என்ற சொல்லை நாங்கள் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிறோம். கேள்வி முதலில் அவர்களிடமிருந்து வருகிறது. அப்படிக் கேட்கிற மாதிரி உங்கள் வீட்டில் என்ன இருக்கிறது என்பதுதான் முதல் படி.

முதல் படி: பக்கத்துக் காம்பராவுக்கு என்ன கேட்கிறது

எங்கள் லயத்தில் நடுச்சுவர் இருக்கிறது, ஆனால் அது கூரையைத் தொடாது. பக்கத்து வீட்டுப் பிள்ளை இருமினால் எங்கள் வீட்டில் கொத்தமல்லி கொதிக்கும். இப்படிப்பட்ட இடத்தில் டவுனில் செய்கிற மாதிரி சுவிசேஷம் சொல்ல முடியாது, ஏனென்றால் நீங்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே உங்களைப் பற்றிய எல்லாச் செய்தியும் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டது. நேற்று ராத்திரி மனைவியை என்ன சொல்லித் திட்டினீர்கள் என்பது தெரியும். கடைக்கொப்பியில் எவ்வளவு பாக்கி நிற்கிறது என்பது தெரியும். குடியை விட்டுவிட்டதாகச் சபையில் சாட்சி சொன்ன ஆள் சம்பளத்தன்று எந்தப் பக்கமாக வீட்டுக்கு வந்தார் என்பது எல்லோருக்கும் முதலில் தெரியும்.

ஆகவே முதல் மூன்று மாதம் கைப்பிரதியைப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். கடையில் வாங்கிய கடனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுங்கள். பேசாமல் விட்ட சொந்தக்காரர் இருந்தால் நீங்களே போய்ப் பேசுங்கள். விடியற்காலை நாலு மணிக்குச் சத்தமாக ஜெபிக்கிற பழக்கம் இருந்தால் குரலைக் குறையுங்கள், பக்கத்தில் இருக்கிற அக்கா ஆறு மணிக்கு எழும்பி, பிள்ளையை, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற மடுவத்தில் விட்டுவிட்டு மலைக்குப் போக வேண்டியவர், அவருடைய தூக்கத்தைக் கெடுத்துவிட்டு அவருடைய ஆத்துமாவுக்காக ஜெபித்தேன் என்று சொல்வது எனக்கு ஒரு மாதிரியாக இருக்கிறது. நானே இரண்டு வருஷம் அப்படிச் செய்தேன். ஒருநாள் அந்தப் பக்கத்துப் பெரியம்மா மிகவும் தன்மையாக, "தம்பி, உங்க சாமிக்குக் காது கொஞ்சம் மந்தமா?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

மாற்கு 5இல் பிசாசு பிடித்திருந்து சுகமான மனுஷன் இயேசுவோடு கூடவே வருகிறேன் என்று கெஞ்சுகிறான். அவர் சேர்த்துக்கொள்ளவில்லை. வீட்டுக்குப் போய், உன் சொந்தக்காரர்களிடம் நடந்ததைச் சொல் என்று அனுப்பிவிடுகிறார். அவனை முன்னால் கல்லறையில் சங்கிலியோடு பார்த்த அதே ஆட்களிடம் போகச் சொன்னார், அதுதான் கஷ்டமான இடம்.

இந்த மூன்று மாதத்தில் செய்யவேண்டிய இன்னொரு வேலை, ஒரு துண்டுக் காகிதத்தில் ஐந்து பேருடைய பெயரை எழுதிக்கொள்வது. ஐந்துதான். முழுத் தோட்டத்துக்கும் பாரப்படுகிறவர்கள் கடைசியில் ஒருவருடைய வீட்டுக்கும் போவதில்லை. அந்த ஐந்து பேருக்காக ஒவ்வொரு நாளும் பெயர் சொல்லி ஜெபியுங்கள், காகிதத்தை வேறு யார் கண்ணிலும் படவிடாதீர்கள்.

இரண்டாம் படி: அவர்களுக்கு என்ன ஞாபகம் வரும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

நீங்கள் இயேசு என்று சொன்னதும் கேட்கிறவர் மனதில் என்ன வருகிறது? நீங்கள் நினைக்கிறது வராது. மலையகத்தில் சுவிசேஷத்துக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. 1854இல் சர்ச் மிஷனரி சங்கத்தாரும் கோப்பித் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைமாரும் சேர்ந்து கண்டியை மையமாக வைத்து இந்தப் பக்கத்துத் தமிழர் மத்தியில் ஊழியம் தொடங்கினார்கள், அதற்கு வைத்த பெயரே தமிழ்க் கூலி மிஷன். திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த உபதேசியார்மார் தோட்டம் தோட்டமாக நடந்தே போய்ப் பிரசங்கித்தார்கள், பள்ளிக்கூடம் நடத்தினார்கள், எழுத்துத் தெரியாத எத்தனையோ பேருக்கு முதல் எழுத்து அவர்கள் கையால்தான் வந்தது. அதை மறக்கக்கூடாது. ஆனால் தோட்டத்துக்குள் நுழைய அனுமதி கொடுத்ததும், காசு கொடுத்ததும் துரை. டிக்கோயாவில் 1878இல் கட்டின வார்லி ஆலயத்தைப் பார்த்தால் கல்லும் கண்ணாடியுமாக அவ்வளவு அழகு, என் பாட்டிக்கு மட்டும் சாகும் வரை அது 'துரை கோயில்'தான். அவர் உள்ளே கால் வைத்ததே இல்லை.

இதற்கு முன்னால் நடந்த வேறொரு கதையும் இந்த மலையில் உண்டு. கோவாவில் பிறந்த ஜோசப் வாஸ் குருவானவர், ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) கத்தோலிக்கத்தைத் தடை செய்திருந்த காலத்தில், 1687இல் கூலியாள் வேஷத்தில் இலங்கைக்கு வந்தவர். தமிழும் சிங்களமும் படித்தார். 1692இல் கண்டிக்குப் போனபோது போர்த்துக்கீசருடைய ஒற்றன் என்று பிடித்து அடைத்துவிட்டார்கள். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவி, சொந்தக்காரர்களே நோயாளிகளை விட்டுவிட்டு ஓடினபோது, அவரும் கூட இருந்தவர்களும் அங்கேயே தங்கி, யார் எந்தச் சமயம் என்று பார்க்காமல் பராமரித்தார்கள், செத்தவர்களை அடக்கம் பண்ணினார்கள். 1711இல் கண்டியிலேயே இறந்தார், 2015இல் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்புக்கு வந்து அவரைப் புனிதராக்கினார். நான் பிறந்த சபை கத்தோலிக்கம் இல்லை, ஆனாலும் புதிதாக ஊழியத்துக்கு வருகிற பிள்ளைகளுக்கு இந்தக் கதையைத்தான் முதலில் சொல்வேன். கூலி மிஷனுக்குத் துரையின் சிபாரிசு இருந்தது, இந்த மனுஷன் வந்து இறங்கினபோது அப்படி ஒன்றுமே இருக்கவில்லை.

மூன்றாம் படி: உங்கள் சாட்சியை மூன்று நிமிஷத்துக்குள் கொண்டுவாருங்கள்

எழுதிப் பாருங்கள். முன்னால் எப்படி இருந்தேன், என்ன நடந்தது, இப்போது எப்படி இருக்கிறேன். எழுதினதைச் சபைக்கே வராத ஒரு மச்சான் முன்னால் வாசித்துக் காட்டி, விளங்காத சொல் வருகிற இடத்தில் கையைத் தூக்கச் சொல்லுங்கள். 'இரத்தத்தால் கழுவப்பட்டேன்' என்ற இடத்தில் தூக்குவான். 'அபிஷேகம் இறங்கியது' என்றால் கோயிலில் பால் ஊற்றுகிற அபிஷேகம்தான் அவனுக்குத் தெரிந்தது. 'புறஜாதியார்' என்ற சொல்லை அடியோடு விடுங்கள், அது வேதத்தில் யூதரல்லாதவர் என்ற அர்த்தத்தில் வருகிறது, லயத்தில் அதைக் கேட்கிறவருக்கு நேரே சாதியைச் சொல்லித் திட்டின மாதிரிப் படும்.

இன்னும் ஒன்று. நம் பக்கத்துச் சாட்சிகளில் பாதிக்கு மேல் குடியைப் பற்றியவை, கசிப்பு, சாராயம், அடி, உதை. உங்கள் குடியைப் பற்றிச் சொல்லுங்கள், அப்பாவின் குடியைப் பற்றி அவருடைய அனுமதி இல்லாமல் சொல்லாதீர்கள். ஞாயிறு காலையில் மைக்கில் சொன்னது மத்தியானம் கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் போய்விடும், திங்கட்கிழமை காலையில் வேலை பிரிக்கிற பிரட்டுக்களத்தில் அந்த மனுஷன் நாலு பேர் முன்னால் தலைகுனிந்து நிற்பார், பிறகு எந்த ஜென்மத்தில் அவர் சபைப் பக்கம் வருவார்?

கூட்டிச் சொல்லவும் வேண்டாம். ஜெபித்தேன், காய்ச்சல் போனது என்றால் அவ்வளவுதான், டாக்டர் கைவிட்ட கேஸ் என்று அதைப் பெரிதாக்காதீர்கள், டிஸ்பென்சரியில் துண்டு எடுத்துக் கொடுத்தவரும் அதே லயத்தில்தான் இருக்கிறார். அப்புறம், பிரஷர் குளிசை, சீனி குளிசை எடுக்கிற யாரிடமும் "விசுவாசம் இருந்தால் நிறுத்துங்கள்" என்று சொல்லிவிடாதீர்கள். இதில் மட்டும் நான் கண்டிப்பாகச் சொல்கிறேன்.

நான்காம் படி: போவது

இரண்டு பேராகப் போங்கள். வீட்டில் பெண்கள் தனியாக இருந்தால் ஆண்கள் இஸ்தோப்போடு நின்று நலம் விசாரித்துவிட்டுத் திரும்ப வேண்டும், உள்ளே கூப்பிட்டாலும் சரி. நேரம் முக்கியம். மலையிலிருந்து வந்து, குளித்து, விறகு வைத்து, பீலியில் தண்ணீர் வருகிற அந்த ஒரு மணித்தியாலத்தில் வேதப் புத்தகத்தோடு போய் நிற்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கப் போயிருப்பார்கள், பின்னேரம்தான் வசதி. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கிற வீட்டில் பாட்டு வேண்டாம்.

லூக்கா 10இல் எழுபது பேரை அனுப்பும்போது ஆண்டவர் வீட்டுக்கு வீடு போகாதிருங்கள் என்று சொன்னது எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது? ஏற்றுக்கொண்ட வீட்டிலேயே தங்கி, அவர்கள் கொடுப்பதைச் சாப்பிடுங்கள் என்கிறார். எனக்கு இது தோட்டத்துக்கென்றே சொன்ன மாதிரி இருக்கும். ஐம்பது கதவில் துண்டுப்பிரதி செருகுவதைவிட ஒரு வீட்டில் பத்துத் தரம் தேத்தண்ணி குடிப்பது மேல். தேத்தண்ணியை வேண்டாம் என்று சொல்லாதீர்கள், சீனி விலைக்கு அவர்கள் அதைப் போட்டுக் கொடுக்கிறார்கள்.

போய் என்ன பேசுவது? முதலில் கேளுங்கள். பிள்ளை கொழும்பில் எந்தக் கடையில் வேலை செய்கிறான், சம்பளத்தில் ஏன் இந்த மாதம் அவ்வளவு வெட்டு, கால் வீக்கம் குறைந்ததா. வீட்டை விட்டுக் கிளம்பும்போது "உங்களுக்காக ஜெபிக்கலாமா?" என்று கேட்கலாம். மலையகத்தில் இதற்கு இல்லை என்று சொன்னவர்கள் எனக்கு மிகக் குறைவு, சாமி கும்பிடுகிறவர்கள் எந்தச் சாமியிடம் கேட்டாலும் நல்லது என்றுதான் நினைப்பார்கள். அதைக் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்ட கணக்கில் எழுதிவிடாதீர்கள். அரை நிமிஷம், சாதாரணக் குரல், அந்நியபாஷை (ஆவியில் பேசுகிற, கேட்கிறவருக்கு விளங்காத பாஷை) வேண்டாம். அவர்களே "நீங்க ஏன் வேதத்துக்கு மாறினீங்க?" என்று கேட்கிற நாள் வரும். அன்றைக்கு அந்த மூன்று நிமிஷத்தைச் சொல்லுங்கள், நாலாம் நிமிஷத்தில் நிறுத்திவிடுங்கள்.

ஐந்தாம் படி: கோயில், திருவிழா, மரண வீடு

இதில்தான் புதிய விசுவாசிகள் பாதிப் பேர் விழுகிறார்கள், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

தோட்டத்தில் மாரியம்மன் கோயில் என்பது வழிபடுகிற இடம் மட்டும் என்று நினைத்தால் பிழை. லயத்து ஆட்கள் தாங்களே கல் சுமந்து கட்டின, துரைக்கோ கம்பெனிக்கோ சொந்தமில்லாத ஒரே இடம் அநேக தோட்டங்களில் அதுதான். திருவிழாவுக்குத்தான் கொழும்பில் வேலை செய்கிற பிள்ளைகள் வீட்டுக்கு வருகிறார்கள், கலியாணப் பேச்சு நடக்கிறது, பழைய சண்டை தீர்கிறது, புதிய சண்டை தொடங்குகிறது. அந்தக் கோயிலைப் பிசாசு என்று நீங்கள் சொன்னால் கேட்கிறவர் காதில் அது அவருடைய தாத்தாவைச் சொன்ன மாதிரித்தான் விழும். எபேசு பட்டணத்தில் பவுலின் கூட்டாளிகளை ஜனங்கள் பிடித்து இழுத்துக்கொண்டு போனபோது, அந்தப் பட்டணத்து அதிகாரியே எழும்பி, இவர்கள் நம் தேவியைத் தூஷித்தவர்கள் அல்ல என்று சாட்சி சொல்கிறார், அப்போஸ்தலர் 19இல் இருக்கிறது. வேறு சமயத்து அதிகாரி ஒருவர் நம்மைப் பற்றி அப்படிச் சொல்வாரா என்று நம் சபைகளில் சிலவற்றை நினைத்துப் பார்க்கிறேன். சொல்லமாட்டார்.

அடுத்தது கோயில் காசு. சில தோட்டங்களில் செக்ரோலிலேயே, அதாவது சம்பளப் பதிவிலேயே, வெட்டுவார்கள், சில இடங்களில் கமிட்டி வீடு வீடாக வரும். விசுவாசி ஆனதும் "நான் தரமாட்டேன்" என்று வாசலில் நின்று கத்துவதுதான் வைராக்கியம் என்று ஒரு போதனை சுற்றிக்கொண்டிருக்கிறது. இதற்குச் சபைக்குச் சபை வேறு பதில் இருக்கிறது, உங்கள் போதகரிடம் கேளுங்கள், 1 கொரிந்தியர் 8 முதல் 10 வரை ஒரே மூச்சில் வாசியுங்கள். நான் செய்வது இது: திருவிழாவுக்கு ஒரு மாதம் முன்பே, யாரும் கேட்பதற்கு முன், தோட்டத் தலைவரையும் கமிட்டி ஆட்களையும் வீட்டில் போய்ப் பார்ப்பேன். பூசைக்கு என் மனச்சாட்சி இடம் கொடுக்காது, ஆனால் மற்றவர்கள் கொடுக்கிற அதே தொகையை ஒரு ரூபாவும் குறையாமல் தருகிறேன், அதைத் தண்ணீர்க் குழாய்க்கோ, பாதைக்கோ, மரண உதவிச் சங்கத்துக்கோ போடுங்கள் என்பேன். முதல் வருஷம் முகத்தைத் திருப்பினார்கள். மூன்றாம் வருஷம் அவர்களே குழாய்க் கணக்கை எடுத்துவைத்துக்கொண்டு கூப்பிட்டார்கள்.

பிரசாதம் கொண்டுவந்தால்? சர்க்கரைப் பொங்கலைக் கதவைச் சாத்தித் திருப்பி அனுப்பாதீர்கள். வாங்கமாட்டீர்கள் என்றால் அந்தப் பிள்ளையை உட்கார வைத்து, பிஸ்கட் ஒன்று கொடுத்து, "அம்மாவிடம் சொல்லு, அன்புக்கு மிச்சம் நன்றி, நாங்கள் படைத்தது சாப்பிடுவதில்லை" என்று அனுப்புங்கள். தீபாவளிப் பலகாரம் வேறு விஷயம், எங்கள் வீட்டில் வாங்குவோம், கிறிஸ்மஸுக்கு அதே பாத்திரத்தில் கேக்கும் கொக்கிஸும் போட்டு அனுப்புவோம். வெறும் பாத்திரம் திரும்பிப் போகக்கூடாது.

மரண வீட்டுக்குப் போகாமல் இருப்பது இவை எல்லாவற்றையும்விடப் பெரிய பிழை. தப்பு அடிக்கிறார்கள், சடங்கு செய்கிறார்கள், ஆகவே நான் போகமாட்டேன் என்று வீட்டுக்குள் இருந்த ஒரு விசுவாசிக் குடும்பம் எங்கள் தோட்டத்தில் இருந்தது. அந்த வீட்டில் பிறகு ஒரு சாவு நடந்தது. குழி வெட்ட ஆள் வந்தார்கள், ஏனென்றால் தோட்டத்து ஆட்கள் அப்படிப்பட்டவர்கள், ஆனால் வந்தவர்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. சடங்கில் கலந்துகொள்ளாமலேயே செய்யக்கூடிய வேலை நூறு இருக்கிறது, பந்தல், விறகு, தண்ணீர், கதிரை சுமப்பது, ராத்திரி முழுக்கத் தேத்தண்ணி ஊற்றுவது, கிராம சேவகரிடம் கடிதம் எடுக்க ஓடுவது. முப்பத்தொன்றாம் நாள் வரை அந்த வீட்டை எட்டிப் பாருங்கள், முதல் வாரம் போனதும் மற்றவர்கள் வருவது குறைந்துவிடும்.

உதவி வேறு, சுவிசேஷம் வேறு

2014 ஒக்டோபர் 29 கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிந்து லயங்கள் அப்படியே புதைந்தபோது எல்லாப் பக்கமிருந்தும் ஆட்கள் சாமான் கொண்டுபோனார்கள், நல்ல காரியம். எந்த இடர் வந்தாலும் சபையாகப் போங்கள். ஆனால் உலர் உணவுப் பொதிக்குள் கைப்பிரதி வைக்காதீர்கள், பொதி கொடுப்பதற்கு முன் ஜெபக்கூட்டம் வைக்காதீர்கள், வாங்குகிறவருடைய முகத்தைப் போட்டோ எடுக்காதீர்கள். பட்டியலைக் கிராம சேவகரிடமோ தோட்டத் தலைவரிடமோ வாங்கி, அதில் முதலில் இருக்கிறவருக்கு முதலில் கொடுங்கள். பால்மாவுக்கும் அரிசிக்கும் மதம் மாறுகிறவர்கள் என்ற பேச்சு இந்த நாட்டில் எவ்வளவு ஆழமாக இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும், அந்தப் பேச்சுக்குச் சில இடங்களில் காரணமும் இருந்தது, மறைக்கத் தேவையில்லை. 2011இல் உலகத் திருச்சபைகள் மன்றம், வத்திக்கானின் பல்சமய உரையாடல் மன்றம், உலக சுவிசேஷக் கூட்டணி மூன்றும் சேர்ந்து சாட்சி பகரும் ஒழுங்கு பற்றி ஒரு ஆவணம் வெளியிட்டார்கள். சாதாரணமாக ஒரே மேசையில் உட்காராத மூன்று கூட்டம். ஒருவருடைய வறுமையையும் தேவையையும் பயன்படுத்தி இழுப்பதற்குச் சாட்சியில் இடமே இல்லை என்ற விஷயத்தில் மூவருக்கும் பேச்சு ஒன்றாகத்தான் இருந்தது.

ரியூஷன் வகுப்பு வைக்கிறீர்களா, வையுங்கள், மிகவும் தேவை. கணக்குப் பாடம் என்றால் கணக்குப் பாடம்தான். ஞாயிறு பள்ளி என்றால் ஞாயிறு பள்ளி என்று பெற்றோரிடம் நேரே சொல்லி, சம்மதம் கேட்டு எடுங்கள்.

சட்டம், சுருக்கமாக

நம் பிள்ளைகள் யூடியூபில் இந்தியப் பிரசங்கிகளைப் பார்த்துவிட்டு, "மதத்தைப் பரப்ப எனக்கு உரிமை இருக்கிறது" என்று பொலிஸில் போய்ப் பேசுகிறார்கள். இந்திய அரசியலமைப்பின் 25ஆம் உறுப்புரையில் பரப்புதல் என்ற சொல் இருக்கிறது. நம்முடையதில் இல்லை. 10ஆம் உறுப்புரை எந்த நம்பிக்கையையும் வைத்திருக்கவும், விரும்பியதை ஏற்கவும் சுதந்திரம் தருகிறது; 14ஆம் உறுப்புரை தனியாகவோ சேர்ந்தோ வழிபடவும், அனுசரிக்கவும், போதிக்கவும் இடம் தருகிறது; 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுக்கிறது. 2003இல் ஒரு கன்னியாஸ்திரிகள் சபையைச் சட்டபூர்வமாக இணைக்கிற மசோதாவைப் பார்த்த உயர் நீதிமன்றம், மதம் பரப்புவது அடிப்படை உரிமையாக இதில் இல்லை என்றது. அடுத்த வருஷம் கட்டாய மதமாற்றத் தடை மசோதா ஒன்று பாராளுமன்றத்துக்கு வந்தது, சட்டமாகவில்லை.

நடைமுறையில் நீங்கள் கவனிக்க வேண்டியது: லயம் உங்கள் சொந்தக் காணி இல்லை, ஆகவே வெளியிலிருந்து ஆள் கூப்பிட்டு ஒழுங்காகக் கூட்டம் வைப்பதென்றால் தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி வேண்டும், இரவு 10க்குப் பிறகு காலை 6 வரை அதைத் தொடவே கூடாது. புதிய வழிபாட்டிடம் கட்ட அமைச்சின் அனுமதி வேண்டும் என்று 2008இல் ஒரு சுற்றறிக்கை வந்தது, வீட்டில் நடக்கிற ஜெபத்துக்கும் அதைக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், அப்படி வந்தால் அங்கேயே நின்று வாதாடாமல் பெயரையும் திகதியையும் குறித்துக்கொண்டு உங்கள் சபைத் தலைமையிடம் கொடுங்கள். பௌர்ணமிப் போயா நாளில் பன்சலைக்கு, அதாவது பௌத்த விகாரைக்கு, போகிற வழியில் நின்று கைப்பிரதி கொடுப்பது சட்டத்துக்கு முன்னால் புத்திக்கே சரியில்லை.

வட்ஸ்அப், பேஸ்புக் பற்றி ஒரு வரி: "இன்று 12 ஆத்துமாக்கள்" என்று படத்தோடு போடாதீர்கள். அந்தப் படத்தில் இருக்கிற அக்காவின் மாமியாரிடமும் போன் இருக்கிறது.

சபை செய்ய வேண்டியது

தனி ஆள் எவ்வளவு செய்தாலும், கூட்டிக்கொண்டு வருகிற இடம் சரியில்லை என்றால் பலன் இல்லை. 1 கொரிந்தியர் 14இல் பவுல் கேட்கிறார், வெளியாள் ஒருவர் உள்ளே வந்து நீங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் அந்நியபாஷை பேசுவதைப் பார்த்தால் பைத்தியம் என்று சொல்லமாட்டாரா என்று. ஆகவே புதிதாக வருகிறவர் பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்து, எப்போது எழும்புவது, எந்தப் பாட்டு என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். காணிக்கைப் பை அவருக்கு முன்னால் நிற்கக்கூடாது. முதல் நாளே முன்னால் கூப்பிட்டுச் சாட்சி சொல்லச் சொல்வது கொடுமை. நெற்றியில் திருநீறு இருந்தால் இருக்கட்டும், அழிக்கச் சொல்லாதீர்கள், எங்கள் சபையில் ஒருமுறை ஒரு மூத்தவர் தன் கைலேஞ்சியாலேயே ஒருவருடைய நெற்றியைத் துடைத்துவிட்டார், அந்த மனுஷன் செருப்பைப் போட்டுக்கொண்டு போனவர்தான்.

பக்கத்துச் சபை ஆளைக் கூட்டிக்கொண்டு வருவதைச் சுவிசேஷம் என்று எண்ணாதீர்கள். மெதடிஸ்தரை, அங்கிலிக்கரை, கத்தோலிக்கரை நம் பக்கம் இழுத்துவிட்டுச் சபை வளர்ந்தது என்று சொல்கிறோம், தோட்டத்தில் கிறிஸ்தவர்கள் கூடவில்லை, கதிரைதான் மாறியிருக்கிறது.

ஒருவர் "நானும் வருகிறேன்" என்றால்

சந்தோஷப்படுங்கள், ஆனால் அந்த வாரமே தண்ணீருக்குள் இறக்காதீர்கள். பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் சம்மதம் இல்லாமல் பேச்சே இல்லை. கலியாணமானவர் என்றால் முதலில் வீட்டில் சொல்லச் சொல்லுங்கள், கணவருக்கோ மனைவிக்கோ தெரியாமல் ஞானஸ்நானம் எடுத்த கதைகள் எப்படி முடிந்தன என்று நான் பார்த்திருக்கிறேன். ஆறு மாதமாவது கூட இருந்து மாற்கு சுவிசேஷத்தைச் சேர்ந்து வாசியுங்கள், பதினாறு அதிகாரம்தான், வாசிக்கத் தெரியாதவருக்கு நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். ஏன் வருகிறார் என்று தயங்காமல் கேளுங்கள். கடன் தீரும் என்றோ, சூனியம் விலகும் என்றோ, மகனுக்கு வெளிநாடு கிடைக்கும் என்றோ வந்திருந்தால், வந்ததில் குற்றமில்லை, ஆனால் அது கிடைக்காமல் போகலாம் என்பதை இப்போதே சொல்லிவிடுங்கள். பெயரை மாற்றச் சொல்லாதீர்கள், முனியாண்டி முனியாண்டியாகவே விசுவாசியாக இருக்கலாம். சாமிப் படங்களை என்ன செய்வது என்பதை அந்த வீட்டில் எல்லோரும் சேர்ந்து முடிவெடுக்கட்டும், நீங்கள் கழற்றப் போகாதீர்கள், ஒரே காம்பராவில் அவருடைய அம்மாவும்தான் இருக்கிறார்.

எவ்வளவு காலம் எடுக்கும் என்று அந்தத் தம்பியும் கேட்டான். சாமிக்குக் காது மந்தமா என்று கேட்ட பெரியம்மாவின் பெயர் என்னுடைய ஐந்தில் முதலாவது. பதினோரு வருஷமாக இருக்கிறது. மாதத்தில் ஒருநாள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து தட்டி, "தம்பி, அந்த மேய்ப்பன் சங்கீதத்தைக் கொஞ்சம் வாசி, ஆனா சத்தமா வேண்டாம்" என்பார், நான் இந்தப் பக்கத்திலிருந்து வாசிப்பேன். திருவிழாவுக்குத் தீச்சட்டியும் எடுக்கிறார். சபைக்கு வந்ததில்லை. நாளைக்குக் காலையில் அவருக்கு ஹட்டனில் கண் கிளினிக் இருக்கிறது, ஆறரை பஸ்ஸுக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.